சொல்லிவிட்டுப் போகிறவள்

ஜனவரி 20, திங்கள்

நூல் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கடை எண் இருக்கிறது. "படிச்ச புள்ளைக்கு ஆகும்" என்று என் மாமியார், அதாவது அத்தை, என்னிடம் கொடுத்தார். இரண்டு குடும்பத்திலும் சேர்த்துக் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். அதனால் காகிதமாக எது வந்தாலும் என்னிடம் வந்துவிடும். மின் கட்டண ரசீது, கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

இன்று காலை எட்டு பத்துக்கு வீட்டிலிருந்து தப்பித்தேன். வீட்டுக்குப் பின்னால்தான் தறிப்பட்டறை. அத்தை அங்கே நான்கு விசைத்தறி ஓட்டுகிறார். மூலையில் கம்பி வலை அடித்து, உள்ளே பாய் விரித்து, என் மகள் தன்ஷிகாவுக்கு ஓர் இடம் செய்திருக்கிறார்கள். அவளை அங்கே பூனைக்குட்டியின் பக்கம் திருப்பி உட்காரவைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரை ஒட்டியே நடந்து, பேருந்து நிறுத்தம் தெரிந்த பிறகுதான் காலில் போட்டேன். எட்டரைப் பேருந்து கிடைத்தது.

பள்ளியில் தலைமையாசிரியை ஞானசௌந்தரி மேடம் கூப்பிட்டார்.

"கோகிலவாணி டீச்சர், மார்ச் மொதல் வாரம் தாளாளர் உங்க வகுப்புக்கு வர்றாரு. அவரு பாத்துட்டுத்தான் உங்கள நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு சொல்லுவாரு. உங்க சத்தம் வராந்தாவுக்குக் கேக்கணும். புள்ளைங்க சத்தம் கேக்கக்கூடாது. இப்ப ரெண்டும் மாறி இருக்குது."

"சரிங்க மேடம்" என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

மூன்றாம் வகுப்பு. நாற்பத்தொரு பேர். எங்கள் அப்பா அந்தியூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்ப்பவர். அங்கே யாரும் யாரையும் கத்திக் கூப்பிட வேண்டியதில்லை. பள்ளிபாளையத்துக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் சண்டை போடுவதாக ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி, வெளியே வந்தாலும் இவர்கள் அப்படித்தான் பேசுவார்களாம்.

ஜனவரி 22, புதன்

திங்கள் பூனை, செவ்வாய் வாழைப்பழம், இன்று கணவரின் கைப்பேசி. நாளைக்கு என்ன என்று யோசிக்க வேண்டும்.

பத்து மணி வரைக்கும் தன்ஷிகா என்னைத் தேடினாளாம். வலைக்குள் ஒவ்வொரு மூலையாகப் போய்ப் பாய்க்கு அடியில்கூடப் பார்த்தாளாம். சிட்டம்மா அக்கா சொன்னார். அவர் பக்கத்துத் தறிக்காரர். இதை ஏன் சிரித்துக்கொண்டே சொன்னார் என்று தெரியவில்லை. நானும் சிரித்தேன்.

ஜனவரி 25, சனி

பராமரிப்பு மின்தடை. எல்லா ஊரிலும் குழந்தைகள் சத்தம் கேட்டால் விழித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் மதியம் இரண்டு மணிக்குத் தறிகள் நின்றதும் தன்ஷி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். பதினோரு நோட்டுத்தான் திருத்தியிருந்தேன். மீதியை அவள் திருத்தினாள். சிவப்புப் பேனா.

ஜனவரி 27, திங்கள்

நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு குரல் பழகினேன். "உக்காரு! யாரு அங்க பேசறது? வாய மூடு!" என்று நான்கு தடவை. நான்காவது தடவை நன்றாகவே வந்தது.

வெளியே வந்தால் பக்கத்து வீட்டுக்காரம்மா வாசலில் நிற்கிறார். அத்தையிடம், "என்னுங்க பாவாயக்கா, மருமக இந்தப் போடு போடறா?" என்று கேட்கிறார். 

அத்தை அசரவில்லை. "மூணரை வருசங்கழிச்சு இன்னிக்குத்தான் மருமகளாட்டம் பேசியிருக்கறா. கண்ணு வெக்காத போ" என்றார்.

இன்று வகுப்பில் அதே குரலை எடுத்துப் பார்த்தேன். பிரகதி என்ற பெண் எழுந்து, "டீச்சர், தொண்டை சரியில்லீங்களா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 1, சனி

தன்ஷிக்கு இரண்டு வயது மூன்று மாதம். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் நாத்தனார் அம்சவேணி அண்ணி ஈரோட்டிலிருந்து ஞாயிறுதோறும் தொலைபேசியில் இதையேதான் கேட்கிறார். "பெத்தவ வூட்ல இருந்து பேச்சுக் குடுத்தாத்தானே புள்ள பேசும்? ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுக்கறா, தன்ற புள்ளைக்கு ஆரு சொல்லிக்குடுப்பா?"

 அவர் கேட்பது சரியா தவறா என்று தெரியவில்லை.

இன்று டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறதாம். சொன்னது புரிகிறதாம். "சைகை பண்றாளா?" என்று கேட்டார். "நாள் பூராவும்" என்றார் கணவர். "அப்ப பேச்சும் வரும். மூணு மாசம் பாத்துட்டுத் திரும்ப வாங்க. வீட்ல நிறையப் பேசுங்க" என்றார் டாக்டர். திரும்பும்போது கணவர் தினகரன், "நீயும் நானும் பேசறத வெச்சு அவ கத்துக்கணும்னா, உப்புப் பத்தலைங்கறதுதான் மொத வார்த்தையா வரும்" என்றார்.

மார்ச்சில் தாளாளர் என்னை வேண்டாமென்று அனுப்பிவிட்டால் வேலையை விடுவதா என்று முடிவெடுக்கும் தொல்லை எனக்கு மிச்சம். அப்படி நினைத்தால் நிம்மதியாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரப் பாடக்குறிப்பை இன்றே எழுதி முடித்தேன்.

(இந்தப் பக்க ஓரத்தில் யாரோ பென்சிலில், "உப்புப் பத்தலைன்னு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதிகம்னுதான்" என்று எழுதியிருக்கிறார்கள்.)

பிப்ரவரி 8, சனி

பள்ளி விடுமுறை. மதியம் அத்தைக்குச் சோறு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இருபது தறிகள் ஓடும் சத்தத்தில் ஒரு மனிதக் குரலும் கேட்காது. ஆனால் அங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கையால். அத்தை இந்தக் கோடியிலிருந்து ஏதோ காட்ட, அந்தக் கோடியில் சிட்டம்மா அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். வலைக்குள்ளிருந்து தன்ஷி அத்தையைப் பார்த்து விரல்களைக் குவித்து வாயருகே இரண்டு தடவை தட்டினாள். அத்தை மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார், கொஞ்சம் பொறு என்று. தன்ஷி முறைத்தாள். அத்தை பதிலுக்கு முறைத்தார். என் மகள் வாயாடி என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் இன்னொன்று பார்த்தேன். அத்தை சாப்பிட வெளியே வருவதற்கு முன்பு சிட்டம்மா அக்காவைப் பார்த்து நெஞ்சைத் தொட்டார். இரண்டு விரலைத் தன் தறிகளை நோக்கி நீட்டினார். அக்கா ஏதோ அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார், கவனிக்கவில்லை. அத்தை அப்படியே நின்றார். சோறு ஆறுகிறதே என்று நான் தூக்குப்போசியைத் தூக்கிக் காட்டினேன். அசையவில்லை. அக்கா நிமிர்ந்து பார்த்து, உள்ளங்கையைத் தன் தலைமேல் வைத்த பிறகுதான் வெளியே வந்தார்.

"அது என்னங்கத்த?"

"நாம் போறேன், என்ற தறியப் பாத்துக்கோன்னு கேக்கறது. தலைல கைய வெச்சா, பாத்துக்கறேன், போன்னு அர்த்தம்."

"அவங்க பாக்கலீன்னா?"

"பாக்கற வரைக்கும் நிக்கோணும். சொல்லாத போனா இழை அறுந்து துணி பூராவும் பாழாப் போயிரும். சொல்லாத போறவளுக்குப் பட்டறைல வேலையில்ல கண்ணு."

ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "செருப்பக் கையில எடுத்துக்கிட்டு ஓடறயே, அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டயா?"

பிப்ரவரி 10, திங்கள்

பூனை, பழம் எதுவும் இல்லாமல் தன்ஷியின் முன்னால் போய் நின்றேன். நெஞ்சைத் தொட்டேன். பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் இரண்டு விரலை நீட்டினேன். அவள் என் விரலைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள், வாயைத் திறந்து அழுதாள். தறிச் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை, வாய் மட்டும் தெரிந்தது. எட்டு இருபத்தைந்து. ஓடிவிட்டேன்.

சாயங்காலம் அத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை. பாத்திரம் கழுவும்போது, "கேட்டுப்போட்டு, பதிலுக்கு நிக்காத போறது, கேக்காததவிட மோசம்" என்றார்.

"பஸ் போயிருமுங்கத்த."

"பஸ்ஸுக்குப் பயப்படறயே, அவளுக்குக் கொஞ்சம் பயப்படு."

பிப்ரவரி 12, புதன்

வகுப்பில் வாய்ப்பாட்டுத் தேர்வு வைத்தேன். சத்தம் போடாமல் எழுதுகிறார்களே என்று சந்தோஷமாக இருந்தது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டிருந்தேன். முதல் வரிசையில் பிரகதி தலை கோதுவதுபோல் ஐந்து விரலைக் காட்டினாள். பிறகு முகவாயைத் தொட்டு ஒரு விரல். பின் வரிசையில் லோகித் உடனே எழுதினான்.

முகவாயைத் தொட்டால் ஐந்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை அத்தை தன்ஷிக்கு நூல் கண்டுகளை எண்ணிக் காட்டினார், அப்போது பார்த்தேன். ஐந்து, ஆறு. ஐம்பத்தாறு!

எட்டு மாதமாக என் கண் முன்னாலேயே இந்தப் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கிறது. நாற்பத்தொரு பேரில் முப்பத்தைந்து பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். நான்தான் வெளியூர்.

என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தேன். வலது கை முஷ்டியை மடக்கித் தலைக்கு மேல் தூக்கினேன். பட்டறையில் அதற்குத் தறியை நிறுத்து என்று அர்த்தம்.

வகுப்பு நின்றது. பேனா கீழே விழுந்தால் கேட்கும். விழுந்தது, கேட்டது.

பிரகதி மெல்ல எழுந்தாள். "டீச்சர்... உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"எல்லாம் தெரியும்" என்றேன். எனக்குத் தெரிந்தது மொத்தம் ஐந்தாறு.

பிப்ரவரி 14, வெள்ளி

இப்போது அத்தைதான் எனக்கு டியூஷன். மாலையில் காய் நறுக்கிக்கொண்டே உட்காரு, எடு, வேகமாக, நூல் தீர்ந்துவிட்டது, முதலாளி வருகிறார் எல்லாம் கற்றுத்தருகிறார். நான் தப்பாகச் செய்தால் தன்ஷி என் கையைப் பிடித்துத் திருத்துகிறாள். பி.எட். வகுப்பில்கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை.

முதலாளி வருகிறார் என்பதற்குக் காட்டும் சைகையை இங்கே எழுத முடியாது.

பிப்ரவரி 19, புதன்

இந்த மாதம் மூன்றாவது தடவை தாமதம். அரை நாள் விடுப்பில் கழித்துவிட்டார்கள். காரணம் தன்ஷி. நான் கேட்டுவிட்டு நிற்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முதல் நாள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டாள். இன்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். ஏழு நிமிடம். பிறகு பெரிய மனது வைத்து ஒரு கையை எடுத்துத் தலையில் வைத்தாள். அதுவும் பூனையைப் பார்த்துக்கொண்டே.

ஆனால் அழவில்லை. தேடவும் இல்லையாம். சிட்டம்மா அக்கா சொன்னார். இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன்.

ஞானசௌந்தரி மேடம், "குழந்தைய வெச்சுக்கிட்டு முடியலைன்னா சொல்லிருங்க டீச்சர், தப்பில்ல" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்சவேணி அண்ணி நேரிலேயே வந்துவிட்டார். தன்ஷிக்குக் கவுன் வாங்கிவந்திருந்தார். அவர் கிளம்பும்போது தன்ஷி வாசலில் நின்று தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, என்ன இது, போற நேரத்துல புள்ள தலைல கைய வெக்குது! கப்பல் கவுந்துபோனாப்பல!"

"உன்னயப் போகச் சொல்றா" என்றார் அத்தை.

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. கிண்டல் செய்யத் தோன்றவில்லை. என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "நான் கெட்டவளா சொல்லல கோகிலா. வாயில பேச்சே வராத போயிருச்சுன்னா நாளைக்கு உன்னத்தான் சொல்லுவாங்க. ஒரு ரெண்டு வருசம் வூட்ல இரு. வேல எங்க போகுது?"

அவர் போன பிறகு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் தாளின் பின்பக்கத்தில் தன்ஷி ஏற்கெனவே கிறுக்கியிருக்கிறாள். அப்படியொரு தாளைத் தாளாளரிடம் கொடுக்க முடியாது. வேறு தாளில் எழுத வேண்டும். வீட்டில் வேறு தாள் இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

தாள் வாங்க மறந்துவிட்டேன்.

(பென்சிலில்: "அலமாரியில் ஒரு கட்டு வெள்ளைத்தாள் இருக்கிறது. நான் பார்க்கவில்லை.")

மார்ச் 5, புதன்

நாளைக்குத் தாளாளர் வருகிறார். ஒன்பதே காலுக்கு என் வகுப்பு. புடவைக்கு இஸ்திரி போட்டாயிற்று. பின்னங்களுக்கு அட்டை வெட்டியாயிற்று. ஒன்றை தன்ஷி கடித்திருக்கிறாள், அதை முக்கால் என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 6, வியாழன்

காலையில் வீட்டில் நடந்ததைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் பள்ளிக்கூடம்.

ஒன்பது இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அதுவும் தறிகளுக்குப் பாவு நூல் ஏற்றிப்போகும் கணவரின் சரக்கு வண்டியில். பின்னால் இரண்டு பாவு உருளைகள், முன்னால் நான், மடியில் பின்னங்கள். வாட்ச்மேன் சரக்கு என்று நினைத்துப் பின்கேட்டைத் திறந்தார்.

வராந்தாவில் ஓடும்போது என் வகுப்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகளை வேறு வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள், கதை முடிந்தது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் நாற்பது பேரும் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கரும்பலகைக்கு முன்னால் பிரகதி முஷ்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.  பத்து நிமிடமாகத் தூக்கி வைத்திருக்கிறாளாம். கடைசி பெஞ்சில் தாளாளர். அவருக்குப் பக்கத்தில் மேடம், என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

பிரகதி என்னைப் பார்த்தாள். நெஞ்சைத் தொட்டாள், இரண்டு விரலை வகுப்பின் பக்கம் நீட்டினாள். நான் தலையில் கை வைத்தேன். அதன் பிறகுதான் கையை இறக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

பாடம் நடத்தினேன். என் குரல் எப்போதும்போல மூன்றாவது பெஞ்சோடு நின்றது. மீதியைக் கை பார்த்துக்கொண்டது. அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். லோகித் பின்னாலிருந்து சரியான அட்டையைத் தூக்கினான். கடித்த அட்டை.

முடிந்ததும் தாளாளர் எழுந்தார். "டீச்சர் குரல் பத்தாதுன்னு எழுதியிருந்தீங்களே" என்று மேடத்திடம் கேட்டார்.

"ஆமாங்க சார்."

"எங்கம்மா முப்பது வருசம் தறி ஓட்டுனாங்க. பத்துத் தறிக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டே என்னைத் திட்டுவாங்க. ஒரு வார்த்தை கேக்காது, ஆனா மண்டைல ஏறும்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அதெல்லாம் சரிங்க டீச்சர். பத்து நிமிசம் லேட்டு. ஏன்?"

பொய் ஒன்று தயாராக வைத்திருந்தேன், பேருந்து பழுது என்று. சொல்ல வாயைத் திறந்தபோது பிரகதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணு தலைல கை வெக்கறதுக்கு நேரமாயிருச்சுங்க சார்" என்றேன்.

வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டில் ஏதோ எழுதினார், போய்விட்டார்.

இனி காலை.

எட்டு பத்துக்குத் தன்ஷியின் முன்னால் நின்றேன். நெஞ்சைத் தொட்டு, விரலை நீட்டினேன். இன்றைக்குப் பார்த்து அவள் இரண்டு கையாலும் என் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டாள். எட்டரை. பேருந்து போகும் சத்தம் கேட்டது. எட்டே முக்கால். பட்டறை வாசலில் கணவர் வண்டியை ஓட்டத்திலேயே வைத்திருந்தார், வாவென்று மட்டும் கூப்பிடவில்லை. அத்தை தறியைவிட்டு வெளியே வந்து பார்த்தார்.  அவள் கையைப் பிரித்துவிட்டுப் போ என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

ஒன்பது மணிக்கு, போதும் என்று தோன்றியது. வாசற்படியில் உட்கார்ந்தேன். பையைக் கீழே வைத்தேன். முஷ்டியைத் தூக்கினேன். தறி நின்றுவிட்டது, தன்ஷி. நான் போகவில்லை.

அவள் மடிப்பை விட்டாள். என் முஷ்டியைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். ஏதோ ஒழுங்கு கெட்டுப்போனதுபோல அவள் முகத்தில் ஒரு சலிப்பு. அத்தை, அறுந்த இழையைப் பார்க்கும்போது அப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வார். பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். அவளைவிடக் கனம். இழுத்து இழுத்து என் காலடியில் கொண்டுவந்து போட்டாள். பிறகு உள்ளங்கையைத் தன் தலையில் வைத்தாள். நான் அப்போதும் எழுந்திருக்கவில்லை. எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இருபது தறிச் சத்தத்துக்கும் மேலே, இந்த ஊர்க்காரியாகக் கத்தினாள்:

"போ!"

மார்ச் 7, வெள்ளி

ஏப்ரல் முதல் தேதி நிரந்தர உத்தரவு கைக்கு வருமாம். மேடம் சொன்னார். "இன்னொண்ணு. ஆண்டு விழால வரவேற்புரை நீங்கதான். உங்களுக்குச் சத்தம் வரும்ங்கறத நேத்து எல்லாருமே கேட்டோமே."

அண்ணியிடம் செய்தி சொன்னேன்.

"பேசிட்டாளா! கண்ணே! அம்மான்னாளா?"

"இல்லீங்கண்ணி. 'போ'ன்னா."

 "பெத்தவளப் பாத்து மொத வார்த்தையே 'போ'வா?" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்துக் கிறுக்கல் நன்றாகவே இருக்கிறது. வகுப்புச் சுவரில் ஒட்டலாம். எழுத்து இருக்கும் பக்கத்தில் பசை தடவினால் போதும்.

இன்று காலை எட்டு பத்துக்குத் தன்ஷியின் முன்னால் போய் நின்றேன். நான் நெஞ்சைத் தொட்டு, விரலை நீட்டி முடிப்பதற்குள்ளேயே தலையில் கையை வைத்து, "போ" என்று சொல்லிவிட்டுப் பூனையோடு விளையாடப் போய்விட்டாள்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.